நடுரோட்டில் நின்ற கார்: ஒரு சின்ன ஸ்பிரிங்கின் கதை

ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரென்று நடுரோட்டில் நின்றுவிட்டால் மெக்கானிக் முதலில் என்ன பார்ப்பார்? பெட்ரோல் சரியாக வருகிறதா, பிளக்கில் ஸ்பார்க் அடிக்கிறதா, காற்று போகும் வழி அடைத்திருக்கிறதா... இந்த மூன்றில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும் என்பது பாலபாடம். ஆனால் அமெரிக்காவில் இந்த மூன்றும் சரியாக இருந்தும் கார்கள் ஓடும்போதே நின்றன. காரணம் வெளியே வரப் பத்து வருடங்களுக்கு மேல் ஆனது!

சாவியில் இருந்த கோளாறு

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் சாட்டர்ன் அயான், செவர்லே கோபால்ட் போன்ற சின்ன கார்கள்தான் அவை. சாவி போடும் இக்னிஷன் சுவிட்சுக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங்கும், அது தள்ளிப் பிடிக்கும் ஒரு சின்ன முளையும் உண்டு. வண்டி ஓடும்போது சாவி தானாகத் திரும்பாமல் பிடித்து வைப்பது இவற்றின் வேலை. சாவியைத் திருப்ப எவ்வளவு விசை தேவைப்பட வேண்டும் என்று கம்பெனியே ஓர் அளவு வைத்திருந்தது. சோதனையில் சுவிட்ச் அந்த அளவைத் தொடவில்லை. இருந்தும் 2002ல் அதற்கு அனுமதி கிடைத்தது. அதை வடிவமைத்த இன்ஜினியர் அதே வருடம் ஒரு மின்னஞ்சலில் "நரகத்திலிருந்து வந்த சுவிட்ச்" என்று அலுத்துக்கொண்டார்.

விளைவு என்ன? முழங்கால் பட்டாலும், சாவிக்கொத்து கனமாக இருந்தாலும், ரோட்டில் ஒரு குலுக்கல் வந்தாலும் சாவி ஒரு படி பின்னால் நழுவிவிடும். என்ஜின் நின்றுவிடும். பவர் ஸ்டியரிங் போய்விடும், பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி விசையும் போய்விடும். மறுபடி சாவியைத் திருப்பினால் வண்டி ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். அப்புறம் மெக்கானிக் என்னத்தைக் கண்டுபிடிப்பார்?

"வசதிக்குறைவு" என்ற ஒரு வார்த்தை

கம்பெனிக்கு 2004லேயே புகார்கள் வந்தன. ஆனால் ஓடும் வண்டி நிற்பதை "வாடிக்கையாளரின் வசதி" சம்பந்தப்பட்ட விஷயம் என்று வகைப்படுத்தினார்கள். "பாதுகாப்பு" என்று எழுதியிருந்தால் உடனே வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியிருக்கும். வசதிப் பிரச்சினை என்றால் செலவுக் கணக்குப் பார்க்கலாம்... பார்த்தார்கள். 2005ல் டீலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போனது. சாவிக்கொத்தில் கனமானவற்றைக் கழற்றச் சொல்லுங்கள் என்றது. அத்தோடு முடிந்தது.

அவர்கள் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. சாவி பின்னால் நழுவினால் என்ஜினோடு சேர்ந்து வேறு என்ன செயலிழக்கும்? பதில்: ஏர்பேக்! அதாவது, கார் கட்டுப்பாடு இழந்து மோதும் அந்த நொடியில் உயிர் காக்க வேண்டிய பை விரியாது.

இதைச் சரியாகப் பிடித்தவர் விஸ்கான்சின் மாநிலத்துப் போலீஸ்காரர் ஒருவர். 2006 அக்டோபரில் ஒரு கோபால்ட் விபத்துக்குள்ளாகி இரண்டு இளம்பெண்கள் இறந்தார்கள். சாவி நழுவியதற்கும் ஏர்பேக் விரியாததற்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2007ல் அவர் அறிக்கை எழுதினார். இன்ஜினியர்கள் கூட்டம் பார்க்காததை ஒரு போலீஸ்காரர் பார்த்துவிட்டார். அந்த அறிக்கை கம்பெனியின் கோப்புகளில் வருடக்கணக்கில் தூங்கியது.

1.6 மில்லிமீட்டர்

2010ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் இளம்பெண் தன் கோபால்ட் ஓடும்போதே நிற்கிறது என்று டீலரிடம் காட்டினார். எரிபொருள் போகும் பகுதியைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். பாலபாடப்படி சரியான சிகிச்சைதான், ஆனால் நோய் வேறு. சில நாட்களுக்குள் விபத்தில் அவர் இறந்துபோனார்.

அவருடைய பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அவர்கள் தரப்பு இன்ஜினியர் கடையில் ஒரு புதுச் சுவிட்ச் வாங்கி, விபத்தான காரின் சுவிட்சோடு ஒப்பிட்டார். இரண்டுக்கும் பாக எண் ஒன்றுதான். ஆனால் புதியதில் முளை சுமார் 1.6 மில்லிமீட்டர் நீளமாக இருந்தது, திருப்பவும் இறுக்கமாக இருந்தது. 2006லேயே சுவிட்சை மாற்றியிருக்கிறார்கள், பாக எண்ணை மட்டும் மாற்றவில்லை! அதனால்தான் "புது கார்களில் இந்தப் பிரச்சினை ஏன் இல்லை?" என்று கம்பெனிக்குள்ளேயே விசாரித்தவர்களுக்கும் விடை கிடைக்கவில்லை.

கணக்குத் தீர்த்த காலம்

2014 பிப்ரவரியில்தான் கார்களைத் திரும்ப அழைக்க ஆரம்பித்தார்கள். எண்ணிக்கை 26 லட்சத்தைத் தொட்டது. தலைமைப் பொறுப்புக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்த மேரி பாரா ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் நின்று மன்னிப்புக் கேட்டார். 15 பேர் வேலை இழந்தார்கள். 2015ல் அமெரிக்க அரசுக்கு 90 கோடி டாலர் கட்டக் கம்பெனி ஒப்புக்கொண்டது. நஷ்டஈட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124.

இவற்றில் சேராத ஒரு கணக்கும் உண்டு. 2004ல் டெக்சாஸில் ஒரு பெண் ஓட்டிய அயான் மரத்தில் மோதி, அவரைக் கல்யாணம் செய்துகொள்ள இருந்தவர் இறந்தார். சாவுக்குக் காரணம் தான்தான் என்று நம்பி 2007 அக்டோபரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதற்கு ஐந்து மாதம் முன்பே கம்பெனி அந்த விபத்தைத் தனக்குள் ஆராய்ந்து, கோளாறு காரில்தான் என்று முடிவுக்கு வந்திருந்தது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. 2014 நவம்பரில்தான் தீர்ப்பு ரத்தானது. பத்து வருடம் அவர் சுமந்த பாரத்துக்கு எந்த நிதி ஈடு கட்டும்?

திரும்ப வந்த கார்களுக்குச் செய்த வைத்தியம் ரொம்பச் சாதாரணம். புதுச் சுவிட்ச் ஒன்று. அது வரும்வரை, கொத்திலிருந்து கழற்றிய ஒற்றைச் சாவி. பாகத்தின் விலை ஒரு டாலர்கூட இல்லை என்று விசாரணையில் தெரியவந்தது. கோளாறு பெரிதாக இருந்ததால் அல்ல, அதற்கு வைத்த பெயர் சின்னதாக இருந்ததால்தான் அத்தனை பேர் போனார்கள்.