திருத்தத்தில் வளர்ந்த மாணாக்கர்

1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தபோது உ. வே. சாமிநாதையர்க்கு வயது பதினாறு. ஆசிரியர் வாயாற் பாடிச் செல்ல, அதனை ஏட்டில் எழுதும் பேறு அவருக்கு வாய்த்தது. செய்யுள் உருவாகும் முறையை அருகிருந்து கண்டதே அவர் பெற்ற முதற்பயிற்சி.

1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பாடம் கேட்க விழைந்தார். தாம் கல்லாதன எத்துணை என்பதை ஐயர் அப்போதுதான் உணர்ந்தார். பல ஏடுகளை ஒப்புநோக்கினார். சமண சமயக் கருத்துகளைச் சமணரிடமே கேட்டுத் தெளிந்தார். 1887இல் நூல் அச்சேறிப் புகழும் தந்தது. அத்துடன் பணி முடிந்ததென்று அவர் அமையவில்லை. மீண்டும் ஆராய்ந்து திருத்தி, இருபது ஆண்டுகளுக்குப் பின் 1907இல் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார்.

ஆசிரியர் சொல்ல எழுதிய அதே கை, 1933-34இல் அவ்வாசிரியரின் வரலாற்றை இரு பாகங்களாகத் தெளிந்த உரைநடையில் வரைந்தது. பிறர் பாட்டின் ஒவ்வோர் எழுத்தையும் ஐயுற்று ஆராய்ந்த பழக்கமே, தம் சொல்லையும் அளந்து வைக்க அவருக்குக் கற்பித்தது எனலாம்.

பத்தாண்டு நிறைவில் நம் பழைய கவிதைகளைத் திரும்பப் பார்க்கிறோம். அச்சேறியதைத் திருத்துதல் இழுக்கன்று. பிழையென்று அறிந்தும் வாளா விடுதலே இழுக்கு.