காறல்மானும் பதினைந்து இரவுகளும்

பையன் ப்ளஸ் ஒன் படிக்கிறான். படிக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் ரோல் பிளேயிங் கேம்தான். ஒரு வேடத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், ஆள் சேர்த்து, சண்டை போட்டுக் கதையை நகர்த்த வேண்டுமாம். ஒரு நாள் சாப்பிடும்போது எனக்குப் பாடம் எடுத்தான். 1986-ல் வந்த டிராகன் குவெஸ்ட் முதல் பாகத்துக்கு முன்கதை, 1988-ல் வந்த மூன்றாம் பாகம். 1987-ல் தொடங்கிய ஃபைனல் ஃபேண்டஸி வரிசையில் பெரும்பாலும் பாகத்துக்குப் பாகம் உலகமே வேறு, நாயகனும் வேறு. ஆனால் ஸிட் என்ற பெயரில் ஒருத்தரும் சோக்கோபோ என்ற பறவையும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருப்பார்கள்.

"ஆளை வெச்சுக்கிட்டு கதையை நீட்டலாம், இல்லாட்டி ஆளை மாத்திட்டு அமைப்பை வெச்சுக்கலாம். இந்த ரெண்டுதான்ப்பா" என்றான். ஏதோ ஜப்பான்காரன் கண்டுபிடித்த ரகசியம் மாதிரி ஒரு பெருமை வேறு.

சரி, இவனுக்கு ஒன்றைக் காட்டலாம் என்று தோன்றியது. நாங்கள் குடியிருப்பது மட்டாஞ்சேரி. ஃபோர்ட் கொச்சிப் பக்கம் ஒரு தேவாலயத் திருவிழாவில் சவிட்டுநாடகம் போடுவதாகக் கேள்விப்பட்டு, பையனையும் அவன் நண்பனையும் கூட்டிக்கொண்டு போனேன். நண்பன் பக்கத்துத் தெரு முஸ்லிம் பையன்.

சவிட்டுநாடகத்தைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. சவிட்டு என்றால் மிதி. பலகை மேடையில், ஐரோப்பிய ராஜா உடையும் கிரீடமும் போட்டுக்கொண்டு, பாடியபடியே தாளத்துக்கு ஓங்கி மிதித்து ஆடுவார்கள். கேரளக் கடற்கரையின் லத்தீன் கத்தோலிக்கர்களுடைய கலை. போர்த்துகீசியர் 1500-ல் கொச்சிக்கு வந்தார்கள், 1663-ல் டச்சுக்காரர்களிடம் கொச்சியை இழந்தார்கள். அந்த நூற்றறுபது வருடத்துக்குள் உருவான ஆட்டம் என்பது பொதுவான கருத்து. கோயில் விழாக்களிலிருந்து கிறிஸ்தவர்களை விலக்கிய 1599-ம் வருட உதயம்பேரூர் சூனகதோசுக்குப் பிறகு, அவர்களுக்கென்று தனியாக ஒரு ஆட்டம் தேவைப்பட்டது என்றும் சொல்வார்கள்.

இதில் நமக்கு என்ன விசேஷம் என்றால், பாட்டெல்லாம் தமிழ்! ஆசான் கையில் இருந்த நோட்டை எட்டிப் பார்த்தேன். எழுத்து மலையாளம், சொல் தமிழ். புகழ்பெற்ற 'காறல்மான் சரிதம்' நாடகத்தை எழுதியவராகச் சொல்லப்படுபவர் தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்கு வந்த சின்னத்தம்பி அண்ணாவி. மன்னார், யாழ்ப்பாணம் பக்கத்துக்காரர்களுக்கு அண்ணாவியார் என்றதுமே கூத்து ஆசிரியர் என்று புரிந்திருக்கும். அதே அண்ணாவிதான். இந்தக் கலையைப் பற்றி கோதுருத்தைச் சேர்ந்த சபீனா ராஃபி 1964-ல் ஒரு முழுப் புத்தகமே மலையாளத்தில் எழுதியிருக்கிறார்.

காறல்மான் யார்? ஐரோப்பாவின் சார்லமேன் பேரரசன். போர்த்துகீசிய வாயில் கார்லோஸ் மாக்னோ, நம் கடற்கரை வாயில் காறல்மான். அவனிடம் பன்னிரண்டு பெருவீரர்கள், அவர்களில் பெரியவன் ரோலண்ட். நாடகம் முழுவதையும் ஆடினால் 15 இரவு ஆகும் என்பது வழிவழியாகச் சொல்லும் கணக்கு. இன்று இரண்டு மணி நேரத்தில் ஒரு துண்டை மட்டும் ஆடுகிறார்கள்.

அன்று ஆடியதும் ஒரு துண்டுதான். துருக்க ராஜா வருகிறான், சவால் விடுகிறான், பலகை அதிர அதிரச் சண்டை, கடைசியில் தோற்றுப் போகிறான். பையன் வாயைப் பிளந்து பார்த்தான். முடிந்ததும் அவன் நண்பன் மெதுவாக, "அங்கிள், துருக்கன் எப்பவும் தோக்கணுமா?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. 'கதைதானே' என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. பிறகு உட்கார்ந்து இந்தக் கதையின் பாகங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தேன்.

முதல் பாகம், நடந்த சம்பவம். வருடம் 778. சார்லமேன் ஸ்பெயினுக்குப் படை எடுத்துப் போனதே அங்கிருந்த ஒரு முஸ்லிம் ஆளுநர் உதவி கேட்டு அழைத்ததால்தான். போன காரியம் நடக்கவில்லை. திரும்பும் வழியில் பாஸ்க் மக்களின் பாம்ப்லோனா நகரத்து மதில்களை இடித்துவிட்டு வந்தான். பிரனீஸ் மலைக் கணவாயில் பாஸ்குகள் பின்படையைச் சுற்றி வளைத்து அழித்தார்கள். செத்தவர்களில் ரோலண்ட் ஒருவன். சார்லமேனின் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் இதைச் சில வரிகளில் முடித்துவிடுகிறார். அவர் எழுதியதில் தாக்கியவர்கள் பாஸ்குகள், முஸ்லிம்கள் அல்ல. உள்ளே இருந்து காட்டிக்கொடுத்தவன் என்றும் யாரும் கிடையாது.

இரண்டாம் பாகம், 1100-ஐ ஒட்டி வந்த பிரெஞ்சுக் காவியமான 'ரோலண்டின் பாடல்'. சிலுவைப் போர்க் காலம். இங்கே பாஸ்குகளைக் காணவில்லை, அவர்கள் இடத்தில் பெரிய முஸ்லிம் படை ஒன்று வந்துவிட்டது. கூடவே கனலோன் என்ற துரோகியும் வந்தான். அவன் ரோலண்டின் மாற்றாந்தந்தை! ஒரு தோல்விக்குக் காரணம் வேண்டும் அல்லவா? வெளியே ஒரு பகைவன், வீட்டுக்குள் ஒரு துரோகி என்று ஆனது. துரோகம், சாவு, பழிவாங்கல் என்று கதை நேர்கோட்டில் போகிறது.

மூன்றாம் பாகம் இத்தாலியில். பொயார்டோ என்பவர் ரோலண்டைக் காதலில் விழ வைத்து எழுத ஆரம்பித்து, 1494-ல் முடிக்காமலே இறந்துபோனார். விட்ட இடத்திலிருந்து அரியோஸ்டோ எடுத்து 1516-ல் வெளியிட்டார். அதில் ஆஞ்சலிகாவின்மேல் கொண்ட காதலால் ரோலண்டுக்குப் பைத்தியம் பிடிக்கிறது. அவனுடைய புத்தியை எடுத்து வர நண்பன் ஒருவன் நிலாவுக்குப் போகிறான்! இங்கே கதை நேர்கோட்டில் போவதில்லை. பத்துப் பேர் கதையைப் பின்னிப் பின்னி, ஒன்றை நடுவில் நிறுத்தி இன்னொன்றுக்குத் தாவுகிறார்.

நான்காம் பாகம் நம்ம கொச்சி. பின்னலை வைத்துக்கொண்டு மேடையில் ஆட முடியாது. இரவு இரவாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு இரவுக்கும் ஒரு தர்பார், ஒரு சவால், ஒரு படை. அண்ணாவி காலத்து ஐரோப்பியர்களின் பெரிய எதிரி துருக்கப் பேரரசு, ஆகவே மேடையில் நிற்பவனும் துருக்கன். சார்லமேன் காலத்தில் அந்தப் பேரரசே கிடையாது.

இதோடு ஜெனோவா கதையை வைத்துப் பாருங்கள். அதே மேடை, அதே மிதி, அதே கிரீடம், அதுவும் சவிட்டுநாடகமாக ஆடப்படுவதுதான். (எம்.ஜி.ஆர். நடித்து 1953-ல் வந்த படம் நினைவிருக்கலாம்.) ஆனால் அதில் கதைக்கு வெளிப் பகைவனே தேவைப்படவில்லை. கணவன் போருக்குப் போன நேரத்தில், அவன் நம்பி விட்டுப்போனவனே மனைவிமேல் பழி போடுகிறான். காடு, குழந்தை, பால் தரும் மான், கடைசியில் வீடு திரும்புதல். ஃபைனல் ஃபேண்டஸிக்காரர்கள் செய்வதுபோல ஆளும் உலகமும் மாறி, அமைப்பு மட்டும் மிச்சம்.

எனக்குப் புரிந்தது இதுதான். பாகங்களை அடுக்கிப் பார்த்தால் வெளிப் பகைவனுடைய முகம் மாறிக்கொண்டே வருகிறது. பாஸ்க், முஸ்லிம் படை, துருக்கன் என்று அந்தந்தக் காலத்துப் பயம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கதைக்கு வேண்டியது ஒரு காலி நாற்காலி, அதில் யார் உட்கார்ந்தாலும் கதை ஓடும். ஒரு பாகத்தை மட்டும் பார்க்கிறவனுக்கு அந்த ஆள்தான் ஆதியிலிருந்தே பகைவன் என்று தோன்றும். மட்டாஞ்சேரி மாதிரி தெருவுக்கு ஒரு சாமியும் வீட்டுக்கு ஒரு பாஷையுமாக வாழ்கிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

மறுவாரம் ஆசானைப் பார்த்து இதைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "சாரே, நல்ல சுவடெல்லாம் துருக்க ராஜாவுக்குத்தான். அதனால எங்க குழுவில நல்லா மிதிக்கிற ஆளுக்குத்தான் அந்த வேஷம் கொடுப்போம்" என்றார். இது எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காத தகவல்.

பையன்கள் இருவரையும் உட்கார வைத்து 778-ம் வருடக் கதையைச் சொன்னேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன். பாக்தாத் கலீஃபா ஹாரூன் அல் ரஷீத் சார்லமேனுக்கு ஒரு யானையைப் பரிசாக அனுப்பினார். அபுல் அப்பாஸ் என்று பெயர். 802-ல் அது ஆஹன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நிஜ காறல்மானுக்கு பாக்தாத்தோடு இருந்தது சண்டை இல்லை, நட்பு.

நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்போ அந்த யானையை வெச்சு ஒரு ராத்திரி ஆடலாமே அங்கிள்?" என்றான். ஆசானிடம் சொல்லியிருக்கிறேன். பாட்டு தமிழில்தான் வேண்டும், நீங்களே எழுதித் தாருங்கள் என்று என் தலையில் கட்டிவிட்டார். நாலு வரி எழுதி வைத்திருக்கிறேன், தாளத்துக்குள் உட்கார மாட்டேன் என்கிறது.