தீக்காயமும் கடிகாரமும்: நெய்வேலியை முன்வைத்து ஒரு முதலுதவி ஆய்வு

1. களம்

2020 மே 7 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் 6ஆம் அலகில் பாய்லர் வெடித்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 1 அன்று 5ஆம் அலகு வெடித்து 6 பேர் அங்கேயே இறந்தனர். சிகிச்சை பலனின்றிப் பின்னர் இறந்தோரும் உண்டு. டவுன்ஷிப்பிலேயே, நிலையத்தை நடத்தும் என்.எல்.சி. நிறுவனத்தின் பொது மருத்துவமனை இருந்தும், கடுமையாக வெந்தவர்களை மே மாதம் திருச்சிக்கும் ஜூலையில் சென்னைக்கும் கொண்டுபோனார்கள். சென்னை ஏறக்குறைய 200 கி.மீ. தொலைவு. அந்தப் பயணம் முழுவதும் சிகிச்சைக்குரிய நேரம்தான்.

2. முதல் இருபது நிமிடம்

ஆளை அனலிலிருந்து விலக்கி, 108-ஐ அழைக்க வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்ற வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. வெந்த இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். ஐஸ் வேண்டாம். பேனா மை, பற்பசை, மஞ்சள் என்று நம் வீடுகளில் பூசுவதெல்லாம் காயத்தின் ஆழத்தை மறைக்கத்தான் உதவும். பரப்பு பெரிதென்றால் உடம்பு குளிர்ந்துவிடும். மற்ற பகுதியைப் போர்வையால் மூட வேண்டும். மூக்கில் கரி, குரலில் கரகரப்பு இருந்தால் மூச்சுப்பாதை வெந்திருக்கலாம். ஏ.பி.சி. (மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம்) என்ற வரிசையில் ‘ஏ’ முதலில் நிற்பதன் காரணம் அங்கே விளங்கும். மூச்சு நின்றவருக்கு சி.பி.ஆர்.: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்துவது.

3. மருத்துவமனைச் சீட்டில் உள்ள எழுத்துகள்

டி.பி.எஸ்.ஏ. 40% என்றால் உடல் தோற்பரப்பில் நூற்றுக்கு நாற்பது பங்கு வெந்திருக்கிறது என்று பொருள். ஒரு கை 9, ஒரு கால் 18 எனக் கூட்டுவார்கள். காயமடைந்தவரின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை ஏறக்குறைய 1.

ஐ.வி. என்பது சிரை (ரத்தக்குழாய்) வழி, ஆர்.எல். என்பது ரிங்கர் லாக்டேட் எனும் உப்புக் கரைசல். பார்க்லேண்ட் கணக்குப்படி 4 மி.லி. × எடை × வெந்த விழுக்காடு. 40% வெந்த 60 கிலோ ஆளுக்கு 9,600 மி.லி.; இதில் பாதி முதல் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நொடியிலிருந்து ஓடத் தொடங்குகிறது, ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அல்ல. நான்கு மணி நேரம் கழித்து, வழியில் டிரிப் ஏறாமல் வந்தவருக்கு மீதமிருப்பது நான்கே மணி நேரம். விபத்து நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கூட அனுப்புவதும் ஆகவே முதலுதவிதான்.

4. யார் செய்வது?

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதற்குப் பயிற்சி பெற்ற ஒரு பொறுப்பாளர் என்று வகுத்தது. பாய்லர் வெடிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் அந்தப் பொறுப்பாளராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெரும்பாலும் ஷிப்டில் உடன் வந்த ஒப்பந்தத் தொழிலாளிதான். பயிற்சியை அவரிடமிருந்து தொடங்குவதே முறை.