சூரியனின் காந்தமும் ஐம்பது கவுஸும்

பத்திரிகைத் தொழிலில் நான் கற்ற முதற் பாடம், ஓர் எண் அச்சேறிவிட்டால் அதனை மீளப் பெறுவது இலகுவல்ல என்பதாகும். விஞ்ஞானத்திலும் அவ்வாறே என்பதற்குச் சூரியனின் காந்தப்புலம் பற்றிய கதை சான்று.

கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் ஜோர்ஜ் எலரி ஹேல் 1908இல் சூரியப் புள்ளிகளில் வலிமைமிக்க காந்தப்புலம் உள்ளதெனக் கண்டறிந்தார். காந்தப்புலத்தில் நிறமாலைக் கோடுகள் பிளவுபடும் என்று சீமன் 1896இல் கண்டதே அவருக்குக் கருவியாயிற்று. புள்ளிகளில் ஏறத்தாழ 3000 கவுஸ். பிளவு தெளிவாகவே தெரிந்தது. அந்த முடிவு இன்றும் நிலைத்து நிற்கிறது.

வினை விளைந்தது அடுத்த கட்டத்திலேதான். பூமியைப் போலச் சூரியன் முழுவதும் ஒரு காந்தமா? 1913இல் ஹேல் "ஆம்" என்றார். முனைகளில் சுமார் 50 கவுஸ் என்றும் மதிப்பிட்டார். இங்கே கோடு பிளவுபடுவதில்லை. அதன் அகலத்தோடு ஒப்பிட மிக நுண்ணிய இடப்பெயர்ச்சியே எதிர்பார்க்கப்பட்டது. ஒளிப்படத் தட்டை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, மனிதக் கண்ணாலேயே அதனை அளந்தனர். எத்தனை ஆயிரம் தடவை அளந்தாலும், பார்ப்பவரின் கண் ஒரு பக்கம் சாயுமானால் சராசரியும் அப்பக்கமே சாயும். தற்செயற் பிழை எண்ணிக்கையால் குறையும். முறைசார் பிழை குறையாது. கலைப் பட்டதாரியான எனக்கு இவ்வேறுபாடு விளங்கச் சிறிது காலம் எடுத்தது.

1950களின் தொடக்கத்தில் ஹரல்ட் பாப்கொக்கும் மகன் ஹொரஸும் மின்னணுக் கருவியொன்றால் அளந்தபோது முனைகளில் கிடைத்தது 1 கவுஸ் அளவே. அப்படியானால் சூரியன்தான் மாறியதா? அவ்வாறும் சிலர் கருத இடமிருந்தது. 1970இல் ஸ்டென்ஃப்ளோ, ஹேலின் பழைய தட்டுகளையே எடுத்து நவீன கருவியால் மீள அளந்தார். அவற்றில் 50 கவுஸுக்கான தடயமே இருக்கவில்லை. ஹேல் 1938இலேயே காலமாகிவிட்டார்.

அத்தட்டுகளை அளந்தவர்களுள் ஒருவர் அட்ரியான் வான் மானன். சுருள் நெபுலாக்கள் சுழல்வதைத் தட்டுகளில் கண்டதாக 1916இல் அறிவித்தவரும் அவரே. அதனை நம்பி, 1920இல் நிகழ்ந்த புகழ்பெற்ற விவாதத்தில் ஹார்லோ ஷாப்லி, அந்நெபுலாக்கள் தொலைதூரத்து விண்மீன் மண்டலங்களாக இருக்க முடியாது என வாதிட்டார். அந்தச் சுழற்சியும் தட்டில் இருக்கவில்லை.