கண்ணுக்குத் திறந்து வாய்க்குப் பூட்டிய சட்டம்

மக்கள் பிரதிநிதிகளும் பதவிநிலை அலுவலரும் தம் செல்வத்தை எழுத்தில் ஒப்புவிக்கவேண்டும் என இலங்கையில் 1975ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. தம் உடைமை, கடன்களோடு வாழ்க்கைத் துணையினதும் பிள்ளைகளினதும் சொத்துக்களையும் அவர்கள் காட்டவேண்டியிருந்தது. கட்டணம் செலுத்தும் குடிமகன் அக்கணக்கைப் பார்வையிடலாம் என்னும் உரிமையும் அச்சட்டத்தில் இடம்பெற்றது. ஆயினும், கண்டதைப் பிறருக்கு உரைத்தல் குற்றமாயிற்று. ஏட்டிலே குறைத்துக் காட்டிய காணியை அயலார் அறிவர். ஏட்டைக் கண்டவனோ அவர்களிடம் கேட்டறிய முடியாதவனானான்.

ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின், 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அப்பழைய சட்டத்தை நீக்கிற்று. தனிப்பட்ட சில விபரங்களை மறைத்து, ஏனையவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க அது வழிசெய்தது. கணக்கு எழுதுவோரை நேர்மையில் நிறுத்துவது, அதனை ஊரார் கூடி ஒப்புநோக்கும் உரிமையேயாம்.