காரைக்காலின் கடைமடைப் பாசனம்

காரைக்கால், காவிரிப் பாசனப் பகுதியின் கிழக்குக் கோடியில் கடலை ஒட்டி அமைந்த, புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாவட்டமாகும். ஆற்றுநீர் கடைசியாக வந்து சேரும் வயல்களைக் கடைமடை என்பர். அரசலாறு, நூலாறு, வாஞ்சியாறு, நாட்டாறு, திருமலைராயன் ஆறு முதலியவையும் அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களும் இங்குள்ள நெல்வயல்களுக்கு நீர் தருகின்றன.

1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமானது. சில இடைவெளிகளுடன் 1954 வரை அவர்கள் ஆட்சி நீடித்தது. சுற்றியிருந்த தஞ்சை நாடு 1799இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இதனால் ஆற்றின் மேற்பகுதி ஓர் அரசிடமும் கடைமடை மற்றோர் அரசிடமும் இருந்தன.

விடுதலைக்குப் பின்னும் நீர் தமிழ்நாட்டைக் கடந்தே வர வேண்டியிருந்தது. காவிரி நடுவர் மன்றம் 1991இன் இடைக்கால ஆணையில் காரைக்காலுக்கு 6 டி.எம்.சி. நீர் விடச் சொன்னது. 2007இன் இறுதித் தீர்ப்பு புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. ஒதுக்கியது, 2018இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றவில்லை. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.

ஒதுக்கீடு கிடைத்தாலும் வாய்க்கால் தூர்ந்திருந்தால் நீர் வயலை எட்டாது. நிலம் சமதளமானதால் ஓட்டம் மெதுவாகும், வண்டல் படியும். ஆற்றில் நன்னீர் குறைந்தால் முகத்துவாரம் வழியே கடல்நீர் உள்ளே ஏறும். பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து தார்ப் பாலைவனத்துக்கு நீர் கொண்டுசெல்லும் இந்திரா காந்தி கால்வாயிலும் கடைமடை உழவர்கள் மேலுள்ளோரை நம்பியே விதைக்கின்றனர். கடைசி வயல்வரை நீர் சேர்ந்தால்தான் பாசனம் நிறைவுபெறும்.