புதுமைப்பித்தன் கண்ட தேயிலை மலை

புதுமைப்பித்தன் என்றவுடன் பெரும்பாலான வாசகர்களுக்கு நினைவில் எழுவன அவருடைய மாயக் கதைகளே. கடவுள் சென்னைக்கு வந்து கந்தசாமிப் பிள்ளையுடன் காப்பி அருந்துகிறார். காஞ்சனை என்பவள் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அவள் பெண்ணா பேயா என்ற ஐயத்தைக் கடைசிவரை தீர்க்காமலே விடுகிறாள். கடல் கொண்ட கபாடபுரம் கண்முன் விரிகிறது. மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைன் கதையைப் 'பிரேத மனிதன்' என்று தமிழாக்கியவரும் அவர்தாம். நடவாததை நடந்ததுபோல் எழுதுவதில் அவருக்கு நிகரானவர் தமிழில் அரிது.

அத்தகையவர் இலங்கைத் தேயிலை மலையைப் பற்றி எழுத முற்பட்டபோது, பேயையோ தெய்வத்தையோ துணைக்கு அழைக்கவில்லை. 1935இல் மணிக்கொடியில் வெளியான 'துன்பக்கேணி' நெடுங்கதையைத்தான் குறிப்பிடுகிறேன். மனிதர் மனிதருக்குச் செய்வதே அங்குப் போதுமான அச்சத்தைத் தந்தது என்று அவர் கருதியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். திருநெல்வேலியில் பட்டம் பெற்றுச் சென்னைக்கு வந்து, பத்திரிகைத் தொழிலையே பிழைப்பாகக் கொண்டார். தினமணியில் டி.எஸ். சொக்கலிங்கத்தின்கீழ்ப் பணியாற்றி, 1943இல் அவருடனேயே வெளியேறினார். திரைப்படத்துறைக்குச் சென்று, காசநோயுற்று, 1948 ஜூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 42. அவர் படைப்புகள் 2002இல் நாட்டுடைமையாயின.

கதையின் தலைப்பு, பிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதியார் பாடிய பாட்டிலிருந்து வந்தது. கதை நெல்லைச் சீமைச் சிற்றூர் ஒன்றில் தொடங்குகிறது. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த மருதி, கணவனைப் பிரிந்து, கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பலேறுகிறாள். தோட்டத்தில் அதிகாரம் படைத்தவனின் இச்சைக்கு இரையாகிறாள், நோய்க்கும் ஆளாகிறாள். அவள் பெற்ற மகளின் காலம்வரை கதை நீள்கிறது. துரையை மட்டும் குற்றவாளியாக்கி ஆசிரியர் நின்றுவிடவில்லை. ஊரில் அவளைத் துரத்திய பண்ணையும் சாதியும் அக்கேணியின் மறுகரை என்று காட்டுகிறார்.

இது வெறுங் கற்பனையன்று. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். அடுத்த இரண்டாண்டில் தோன்றிய இலைநோய் காப்பிப் பயிரைப் படிப்படியாக அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. 1880களில் இரயில் பாதை அட்டனையும் நானுஓயாவையும் எட்டியது. காப்பி பருவத்துக்கு மட்டும் ஆள் கேட்டது. தேயிலையோ ஆண்டு முழுவதும் ஆள் கேட்டது. ஆகவே வந்தவர்கள் லயத்துக் காம்பராக்களிலேயே நிலைத்தனர். ஆள் பிடித்து வந்த கங்காணியே வேலைக்களத்தில் மேற்பார்வையாளன்; தலைக்காசு வாங்குபவனும் அவனே; கடன் கொடுத்தவனும் அவனே. கடன் தீராதவரைத் தோட்டம் விட்டுப் போகவிடாத துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. 'துன்பக்கேணி' வெளியான நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1939இல், உடலுழைப்பாளர் இலங்கை செல்வதை இந்திய அரசு தடுத்தது.

ஆயினும் அக்கதைக்கு ஓர் எல்லை உண்டு. அது அக்கரையிலிருந்து நோக்கியவரின் கதை. மருதியின் கண்ணீர் அதில் நிறைந்திருக்கிறது. அவள் கைத்திறன் இல்லை. விடியலில் பெரட்டுக்கு ஓடுவதும், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவதும், தராசின்முன் நெஞ்சு படபடக்க நிற்பதும் அம்மலையில் பிறந்தவர்களே எழுத வேண்டியவை. இரக்கம் வெளியாரிடமிருந்து வரலாம். தன்மானத்தை எவரும் இரவலாகத் தர முடியாது.

கதை வெளியான காலத்திலேயே அம்மக்களின் குரல் மலையில் எழுந்துகொண்டிருந்தது. பத்திரிகையாளரான கோ. நடேசையர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவி, அட்டனை மையமாகக் கொண்டு இயங்கினார்; 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்கும் தெரிவானார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் பாட்டெழுதித் தோட்டம் தோட்டமாகப் பாடினார். வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். தோட்ட வாழ்வைப் பாட்டிலும் கதையிலும் எழுதினார்.

புதுமைப்பித்தன் மறைந்த அதே 1948ஆம் ஆண்டில் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அட்டனிலும் நுவரெலியாவிலும் பிறந்து வளர்ந்த இலட்சக்கணக்கானோர் ஒரே சட்டத்தால் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தனர். கண்முன் நிற்கும் மனிதர்களை இல்லாதவர்களாக்கும் இந்த மாயத்தைச் செய்தவை அரசாங்கங்கள். எந்த மாயக் கதையாசிரியரும் அல்லர்.

அந்த நிலையில்தான் என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' 1961இல் வெளிவந்தது. அதன் மையம் ஒரு நாள் பறித்த கொழுந்தின் நிறையும், பறித்த பெண்ணின் மானமும். அவள் இரக்கத்தை வேண்டவில்லை. தன் உழைப்பை நம்பச் சொல்கிறாள். நாடற்றோர் என்று ஏட்டில் எழுதப்பட்ட காலத்தில், இது எங்கள் மலை, எங்கள் கை பறித்த கொழுந்து என்று உரைக்கும் சான்றாக அச்சிறுகதையை நான் படிக்கிறேன். அவ்வழியில் நெடுந்தூரம் நடந்த தெளிவத்தை ஜோசப், 'மலையகச் சிறுகதை வரலாறு' என்னும் நூலையும் தந்தார், 2013இல் விஷ்ணுபுரம் விருது பெற்றார், 2022இல் மறைந்தார்.

தமிழகத்தில் 'துன்பக்கேணி'யை அறிந்தவர் பலர். இராமையாவின் பெயரைக் கேட்டவர் சிலர். இது சரியன்று. பத்திரிகையில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு: தலைநகரில் இருந்து எழுதப்படும் செய்தி விரைவாகப் பரவும், சம்பவம் நிகழ்ந்த இடத்தவர் எழுதுவது பின்னரே வந்து சேரும், சிலபோது வராமலே போகும். புதுமைப்பித்தனின் பெருமையை இது குறைக்காது. மேடைகளில் எவரும் பேச விரும்பாத ஒரு பெண்ணைத் தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்தவர் அவர். அவள் பேத்தி தன் வாயால் பேசியது இராமையாவின் கதையில். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர்க்கே அம்மலையின் கதை முழுமையாகும்.